கிரகண நாளில் திரைச்சீலைகளை மூடாதீர்கள்



வருகின்ற 2026 ஓகஸ்ட் 12ஆம் நாள், புதன்கிழமை மாலை, சூரிய கிரகணம் ஒன்று நிகழவிருக்கின்றது. கிறீன்லாந்திலும் ஐஸ்லாந்திலும் ஸ்பெயினிலும் அது முழுக் கிரகணமாகத் தோன்றும். ஜேர்மனி, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளில் வாழும் நாம், சூரியனின் பெரும்பகுதி மறைந்து, மெல்லிய பிறை ஒன்று மேற்கு வானில் தாழ்ந்து நிற்பதைக் காண்போம்.

இதனை முன்னிட்டு எனக்கு வரும் தொலைபேசி அழைப்புக்கள் இரண்டு வகையினவாக இருக்கின்றன. "பாதர், அண்டைக்குப் பிள்ளையளை வெளியில விடலாமோ? மகளுக்கு ஆறு மாதம், அறைக்குள்ளயே வைச்சிருக்கவோ?" என்று கேட்போர் ஒருவகை. வாட்ஸ்அப்பில் வந்த செய்தியொன்றை எனக்கு அனுப்பி, "இன்னொரு பூமியைக் கண்டுபிடிச்சிட்டினமாம், அங்க உயிரும் இருக்காம், திருச்சபை இதுக்கு என்ன சொல்லுது?" என்று கேட்போர் மற்றொரு வகை. முதலாவது கேள்வி பாட்டிமாரிடமிருந்து வருகிறது; இரண்டாவது பேரப்பிள்ளைகளிடமிருந்து வருகிறது. ஒரே வீட்டிலிருந்து இரண்டும் வந்ததும் உண்டு. இவ்விரு கேள்விகளுக்கும் ஒரே பதிலை எழுத முடியும் என்று எண்ணுகிறேன். சற்று நீளமான பதிவு இது. ஞாயிறு மறையுரையைப் பொறுத்துக்கொள்வது போல இதனையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1980ஆம் ஆண்டு பெப்ரவரி 16ஆம் நாள், சனிக்கிழமை பிற்பகலில் நிகழ்ந்த கிரகணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது நான் குருமட மாணவன், வீட்டுக்கு வந்திருந்தேன். என் பாட்டி நாள்தோறும் திருப்பலிக்குச் செல்பவர். ஆயினும் அன்று யன்னல்களையெல்லாம் அடைத்து, அடுப்பை அணைத்து, குடத்து நீரை வெளியே ஊற்றிவிட்டு, திருவிருதயப் படத்தின் முன் விளக்கேற்றிச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். அயலவர் முற்றத்தில் தட்டில் நீர் நிரப்பி உலக்கையை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தனர். நானும் வீட்டினுள்ளேயே இருந்தேன். வெளியே சென்றால் பாட்டி வருந்துவார் என்பது ஒரு காரணம். எனக்குள்ளும் சிறிது அச்சம் இருந்தது என்பதே உண்மையான காரணம். கூரை ஓட்டு இடுக்கு வழியே சுவரில் விழுந்த ஒளிப்புள்ளிகள் எல்லாம் பிறை வடிவாக மாறியதை மட்டும் கண்டேன். ஒவ்வொரு புள்ளியும் சூரியனின் சிறு படம் என்பதை விளக்கிச் சொல்ல அன்று எவரும் இருக்கவில்லை.

அந்தப் பாட்டியை நான் குறை கூறவில்லை. வெறுங்கண்ணால் சூரியனை நோக்குவது பார்வையைப் பறிக்கும். ஆகையால் பிள்ளைகளை உள்ளே வைத்த மூதாதையரின் எச்சரிக்கையில் ஒரு பாதி ஞானம் உண்டு. ஆனால், நிழல் தீங்கு தரும், கருவிலிருக்கும் குழந்தையைத் தாக்கும் என்பது உண்மையன்று. நிலவு சூரியனை மறைக்கும்போது புதிய கதிர் எதுவும் பிறப்பதில்லை. வழக்கமாக வரும் ஒளி குறைகிறது, அவ்வளவே. முகில் மறைப்பதற்கு அஞ்சாத நாம் நிலவு மறைப்பதற்கு ஏன் அஞ்ச வேண்டும்?

நம் காலத்து வானியலாளர்கள் கிரகணங்களுக்காகத் தவமிருக்கிறார்கள். சூரிய கிரகணத்துக்காக மட்டுமன்று, பல ஒளியாண்டுகளுக்கு அப்பால், வேறு விண்மீன்களின் முன்னால் நிகழும் மிகச் சிறிய கிரகணங்களுக்காகவும் அவர்கள் காத்திருக்கிறார்கள். உயிர் வாழத்தக்க வேறு உலகங்கள் உண்டா என்ற கேள்விக்கு மனித இனம் இன்று கையில் வைத்திருக்கும் விடைகளில் பெரும்பகுதி இத்தகைய கிரகணங்களால் கிடைத்தது.

அது எவ்வாறு என்பதைப் பாஸ்கா இரவின் காட்சி ஒன்றைக் கொண்டு சொல்கிறேன். ஆலயம் இருண்டிருக்கிறது, பாஸ்காத் திரி மட்டும் எரிகிறது. நீங்கள் கடைசி வாங்கில் அமர்ந்திருக்கிறீர்கள். பீடச் சிறுவன் ஒருவன் திரிக்கு முன்னால் நடந்து செல்கிறான். அவன் முகமோ உடையோ உங்களுக்குத் தெரியாது; ஆனால் சுடர் ஒரு கணம் மறைவது தெரியும். எவ்வளவு மறைந்தது என்பதிலிருந்து அவன் பருமனை மதிப்பிடலாம். அவன் பீடத்தைச் சுற்றிச் சுற்றி வருபவனாயின், எத்தனை நேரத்துக்கு ஒருமுறை மறைகிறது என்பதிலிருந்து அவனது பாதையையும் கணிக்கலாம். விண்மீனின் முன்னால் ஒரு கோள் கடந்து செல்வதை வானியலாளர் கடப்பு என்பர். கோள் விண்மீனுக்கு எவ்வளவு அருகில் சுற்றுகிறது என்று தெரிந்தால், அங்கு நீர் திரவமாக இருக்கக்கூடிய வெப்பநிலை நிலவுமா என்பதையும் ஓரளவு கூற முடியும். அத்தகைய வலயத்தையே வாழ்தகு மண்டலம் என அழைக்கின்றனர்.

1999ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் நாள் ஐரோப்பாவைக் கடந்த முழுக் கிரகணம் உங்களில் மூத்தோருக்கு நினைவிருக்கும். நான் அப்போது தென் ஜேர்மனியில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். முகில் மூடியிருந்ததால் சூரியனைக் காணவில்லை. ஆயினும் நண்பகலில் இருள் வந்து, தெருவிளக்குகள் தாமாகவே எரிந்து, பறவைகள் அடங்கியதைக் கண்டேன். அதற்கு அடுத்த மாதமே அமெரிக்காவின் கொலராடோவில் டேவிட் ஷார்போனோவும் அவர் குழுவினரும் 10 சென்ரிமீற்றர் அளவேயான சிறு தொலைநோக்கியைக் கொண்டு எச்.டி. 209458 என்ற விண்மீனை நோக்கினர். அதன் ஒளி சில மணி நேரம் சுமார் 1.5 சதவீதம் குறைந்து, மீண்டும் பழைய நிலைக்கு வந்தது. வேறொரு சூரியனை அதன் கோள் கடந்து செல்வதை மனிதர் கண்டறிந்தது அதுவே முதல் முறை. கிரெக் ஹென்றி தலைமையிலான இன்னொரு குழுவும் அதனைத் தனியாகக் கண்டறிந்தது.

அது வியாழனை ஒத்த பெரிய கோள். பூமியளவு கோளொன்று சூரியனைப் போன்ற விண்மீனைக் கடக்கும்போது குறையும் ஒளி சுமார் 0.008 சதவீதமே. பத்தாயிரம் விளக்குகள் எரியும் திருவிழாவில் ஒன்று அணைந்ததைத் தொலைவிலிருந்து கண்டுபிடிப்பதைவிடவும் இது கடினம். அந்தக் கடப்பும் ஆண்டுக்கு ஒருமுறை, அதிகம் போனால் 13 மணி நேரம் மட்டுமே நிகழும். இதற்காக விண்வெளித் தொலைநோக்கி ஒன்றை அனுப்ப வேண்டும் என்று வில்லியம் பொருக்கி என்ற அறிவியலாளர் நாசா நிறுவனத்திடம் முன்மொழிந்தார். நான்கு முறை மறுக்கப்பட்டு, ஐந்தாம் முறையே ஏற்றுக்கொள்ளப்பட்டார். 2009இல் ஏவப்பட்ட அந்தக் கெப்லர் தொலைநோக்கி சுமார் 1,50,000 விண்மீன்களை இடைவிடாது நோக்கி, 2,600க்கும் மேற்பட்ட கோள்களைக் கண்டறிந்தது. இன்று நாம் அறிந்துள்ள புறக்கோள்களின் எண்ணிக்கை 6,000ஐத் தாண்டிவிட்டது. அவற்றில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இத்தகைய கடப்புக்களால் அறியப்பட்டவை.

கோளின் பாதை நமது பார்வைக் கோட்டில் அமைந்தால் மட்டுமே கடப்பை நாம் காண்போம். பூமியைப் போன்ற தொலைவில் சுற்றும் கோள் அவ்வாறு அமைவதற்கான வாய்ப்பு சுமார் 200இல் ஒன்று. ஆகவே நாம் காணும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் காணாதவை மிகப் பல இருக்கும். "ஒன்றையும் காணவில்லை, ஆகவே ஒன்றுமில்லை" என்று நம்பிக்கையாளரைப் பார்த்துச் சொல்வோரும் உண்டல்லவா? வானியலாளர் அப்படிச் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள்.

கிரகணத்தின் இரண்டாவது கொடை ஒளியின் நிறத்தில் இருக்கிறது. சந்திர கிரகணத்தில் நிலவு செம்பு நிறம் பெறுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். பூமியின் நிழலில் நிலவு நிற்கும்போது அதன்மேல் விழும் அந்தச் செந்நிற ஒளி, பூமியின் விளிம்பைச் சூழ்ந்த காற்றின் வழியாகச் சென்ற ஒளியாகும். அந்நேரத்தில் உலகமெங்கும் நிகழும் காலைகளின் செம்மையும் மாலைகளின் செம்மையும் சேர்ந்து நிலவின்மீது விழுகின்றன. 2008ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின்போது, கனரித் தீவுகளிலுள்ள லா பல்மாவிலிருந்து வானியலாளர் அந்த ஒளியைப் பகுத்து ஆராய்ந்தனர். ஒட்சிசன், ஓசோன், நீராவி, காபனீரொட்சைட்டு, மீதேன் ஆகியவற்றின் அடையாளங்கள் அதில் இருந்தன. உயிருள்ள ஓர் உலகத்தின் காற்று தொலைவிலிருந்து எவ்வாறு தோன்றும் என்பதற்கு நம் பூமியே நமக்கு மாதிரியாயிற்று.

தொலைவிலுள்ள கோளொன்று தன் விண்மீனைக் கடக்கும்போதும் இதுவே நடக்கிறது. விண்மீனின் ஒளியில் ஒரு சிறு பகுதி அக்கோளின் காற்றை ஊடுருவி வருகிறது. வரும் வழியில் எந்தெந்த நிறங்கள் குறைந்தன என்பதைக் கொண்டு அக்காற்றில் என்ன இருக்கிறது என்று அறிகின்றனர். இதன் வேர்கள் நம் மண்ணுக்கு அருகிலும் ஓடுகின்றன. 1868ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் ஆந்திரத்தின் குண்டூருக்கு வந்தார். சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் அதே கிரகணத்தை வனபர்த்தியில் ஆராய்ந்தார். அந்தக் கிரகணத்திலும் அதனைத் தொடர்ந்த ஆய்வுகளிலும் சூரிய ஒளியில் கண்ட மஞ்சள் கோடு ஒன்று, பூமியில் அதுவரை அறியப்படாத ஹீலியம் என்ற தனிமத்துக்கு உரியது என்று தெரியவந்தது. 1895இல்தான் அது பூமியில் இனங்காணப்பட்டது. 2018இல் ஹபிள் தொலைநோக்கி, வாஸ்ப்-107பி என்ற கோளின் கடப்பின்போது, அதே ஹீலியத்தை அக்கோளின் காற்றில் கண்டது. புறக்கோளொன்றில் ஹீலியம் காணப்பட்டது அதுவே முதல் முறை.

மூன்றாவது கொடை, கோள் விண்மீனின் பின்னால் மறையும்போது கிடைக்கிறது. முன்பு விண்மீனின் ஒளியும் கோளின் வெப்பமும் சேர்ந்து வந்தன; இப்போது விண்மீனின் ஒளி மட்டும் வருகிறது. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் மிஞ்சுவது கோளினுடையது. திராப்பிஸ்ட்-1 என்ற சிறு செந்நிற விண்மீனை எடுத்துக்கொள்வோம். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகக் குழுவினர் கண்டறிந்தது இது. திராப்பிஸ்ட் துறவிகளை நினைவூட்டும் பெயரைத் தங்கள் தொலைநோக்கிக்கு அவர்கள் சூட்டியிருந்தனர். சுமார் 40 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அந்த விண்மீனைப் பூமியளவு கொண்ட ஏழு கோள்கள் சுற்றுகின்றன என்று 2017இல் அறிவித்தனர். அவற்றில் மூன்று வாழ்தகு மண்டலத்தில் இருப்பதாகக் கருதப்படுகின்றன.

2021ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, அவற்றுள் மிக உட்புறமாகச் சுற்றும் கோள் விண்மீனின் பின்னால் மறைந்ததை நோக்கியது. அதன் பகற்பக்கம் சுமார் 230 பாகை செல்சியஸ் என்று 2023இல் வெளிவந்தது. காற்றே இல்லாத வெறும் பாறை கொண்டிருக்க வேண்டிய வெப்பம் அது. வாழ்தகு மண்டலத்திலுள்ள நான்காவது கோளில் காற்று உண்டா என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தகைய செந்நிற விண்மீன்கள் சீற்றம் மிக்கவை. அருகிலுள்ள கோள்களின் காற்றைப் பறித்துவிடக்கூடியவை. ஆகவே "ஏழு பூமிகள்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை உண்மையான ஆய்வாளர் எவரும் எழுதியிருக்க மாட்டார்.

இறுதியாக, கிரகணம் நிகழும்வரை காத்திராமல் அதனைச் செய்துகொள்ளவும் மனிதர் கற்றுள்ளனர். பிரான்சைச் சேர்ந்த பேர்னார் லியோ 1930களின் தொடக்கத்தில், தொலைநோக்கியினுள்ளே சிறு தட்டினால் சூரியனை மறைத்து அதன் ஒளிவட்டத்தைக் காணும் கொரோனாகிராஃப் என்ற கருவியை அமைத்தார். 2024 டிசம்பர் 5ஆம் நாள் இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஐரோப்பாவின் புரோபா-3 விண்கலங்கள் இரண்டு, ஒன்றுக்கொன்று 150 மீற்றர் தொலைவில் பறந்து, ஒன்றின் நிழல் மற்றொன்றின்மேல் விழச் செய்து, விண்வெளியில் செயற்கைக் கிரகணத்தை உண்டாக்குகின்றன.

இதே முறையைக் கொண்டு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2024 ஓகஸ்டில் அல்ஃபா சென்டோரி என்ற விண்மீனின் ஒளியை மறைத்து, அதனருகில் சனியின் நிறையையொத்த ஒரு கோள் இருப்பதற்கான அடையாளத்தைக் கண்டது. அடுத்த ஆண்டு மீண்டும் இருமுறை நோக்கியபோது அது தென்படவில்லை. எனவே அதனை உறுதிப்படுத்தப்படாத கோளாகவே வைத்திருக்கின்றனர். அல்ஃபா சென்டோரி ஒற்றை விண்மீன் அன்று, இரட்டை விண்மீன் என்பதை முதன்முதலில் கண்டவர் யார் தெரியுமா? 1689 டிசம்பரில், புதுச்சேரியில் வால்வெள்ளி ஒன்றைத் தொலைநோக்கியால் நோக்கிக்கொண்டிருந்த இயேசு சபைக் குரு ஜான் ரிஷோ. தமிழ் மண்ணில் நின்ற ஒரு குருவின் கண்களில் இரண்டாகப் பிரிந்த விண்மீன் அது.

இந்த வரலாற்றில் தமிழர் பார்வையாளர்களாக மட்டும் இருக்கவில்லை. சூரியனை வெள்ளி கடப்பதைக் காணப் புதுச்சேரிக்குப் புறப்பட்ட பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டிய், 1761இல் போர் காரணமாகக் கரையிறங்க முடியாமல் கப்பலிலேயே இருந்தார். எட்டு ஆண்டுகள் கீழைத்தேயத்திலேயே தங்கி, 1769இல் புதுச்சேரியில் காத்திருந்தபோது முகில் மறைத்துவிட்டது. ஆயினும் தமிழ் வானியலாளர்களின் கணக்கு முறையை அவர் கற்று எழுதிவைத்தார். 1765 ஓகஸ்ட் 30ஆம் நாளின் சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்ற தமிழரின் கணிப்பு 41 விநாடி மட்டுமே குறைந்திருந்தது. அக்கால ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளின் கணிப்போ 68 விநாடி கூடியிருந்தது. கிரகணத்தை இத்தனை நுட்பமாகக் கணித்த மக்களின் வழிவந்த நாம், அதே கிரகணத்துக்குத் திரைச்சீலையை மூடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

இப்போது பேரப்பிள்ளைகளின் கேள்விக்கு வருகிறேன். இங்கே நான் ஒரு குற்றத்தை உங்கள் முன் அறிக்கையிட வேண்டும்.

ஏறக்குறைய பதினாறு ஆண்டுகளுக்கு முன், உறுதிபூசுதல் வகுப்பில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து நின்று, "பாதர், வேற கிரகத்தில ஆக்கள் இருந்தா, அவையளுக்காகவும் இயேசு செத்தவரோ?" என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று எனக்கு அடுத்த திருப்பலிக்கு நேரமாகிவிட்டிருந்தது. "தம்பி, இது தேவையில்லாத கேள்வி, முதலில் விசுவாசப் பிரமாணத்தைப் பாடமாக்கு" என்று சொல்லி அவனை அமர்த்தினேன். அவன் பாடமாக்கினான், உறுதிபூசுதலும் பெற்றான், அதன்பின் ஆலயத்துக்கு வரவில்லை. கடந்த குளிர்காலத்தில் ஓர் அடக்கச் சடங்கில் அவனைக் கண்டேன். வளர்ந்து, தொழில் செய்து, தந்தையாகவும் ஆகிவிட்டான். கைகொடுத்துவிட்டு, மரியாதையாகவே கேட்டான்: "பாதர், இப்ப பதில் தெரியுமோ?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனெனில் பதிலின் ஒரு பகுதி குருமடத்திலேயே எனக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. உலகம் ஒன்றே என்று வாதிட்டவர் புனித தோமா அக்குவினாஸ். ஆனால் அவர் இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1277இல், பாரிஸ் ஆயர் தம்பியே, "கடவுளால் பல உலகங்களைப் படைக்க இயலாது" என்று கற்பிப்பதைத் தவறு எனக் கண்டித்தார். அதே அக்குவினாஸ், தம் பேரேட்டின் மூன்றாம் பகுதியில், இறைமகன் இன்னொரு மனித இயல்பையும் ஏற்கக்கூடியவரா என்று வினவி, இறை வல்லமைக்கு அது கூடும் என்றே விடை கூறுகிறார். 1440இல் கர்தினால் குசா நிக்கலாஸ், மற்ற விண்மீன்களிலும் உயிர்கள் வாழக்கூடும் என எழுதினார். வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த அருட்தந்தை ஃபூனஸ், 2008இல் ஒரு செவ்வியில், அத்தகைய உயிர்களை நம் சகோதரராகக் கருதத் தடையில்லை என்ற பொருளில் பேசினார். மறுபக்கத்தையும் மறைக்க மாட்டேன்: 1600இல் உரோமையில் எரிக்கப்பட்ட ஜியோர்தானோ புரூனோ மீதான குற்றச்சாட்டுக்களுள், உலகங்கள் பல என்று கற்பித்ததும் ஒன்று. கேள்வி கேட்டவரை அடக்கிய தவறு என்னோடு தொடங்கியதன்று. என்னிடமும் அது தொடர்ந்தது.

ஆகவே அந்த இளைஞனுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். விண்ணிலும் மண்ணிலும் உள்ள அனைத்தும் கிறிஸ்துவில் ஒப்புரவாக்கப்படுகின்றன என்பது கொலோசையர் திருமுகத்தின் போதனை. அங்கே பவுல் "அனைத்தும்" என்று சொல்லும்போது எல்லை வகுக்கவில்லை. வேறோர் உலகில் அறிவுள்ள உயிர்கள் இருப்பின், ஒரே மீட்பு அவர்களையும் தழுவுகிறதா, அல்லது இறைவன் அவர்களோடு வேறு வழியில் உறவாடுகிறாரா என்பதைத் திருச்சபை வரையறுக்கவில்லை. இறையியலாளர் இரண்டையும் ஆராய்கின்றனர். பதினான்கு வயதில் அவன் கேட்டது கர்தினால்மார் கேட்ட கேள்வி. அதை நான் அவனிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

இதிலிருந்து சில வேண்டுகோள்கள்.

முதலாவது, கிரகணத்தைக் கொண்டு விசுவாசத்தை நிறுவ முயலாதீர்கள். சூரியன் நிலவைவிட ஏறக்குறைய 400 மடங்கு பெரியது, 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது, ஆகவே இரண்டும் ஒரே அளவாகத் தோன்றுவது கடவுள் உண்டு என்பதற்கான சான்று என்று போதிப்போர் சிலர் உளர். அது அழகான பொருத்தமே. நானும் அதற்காக நன்றி கூறுகிறேன். ஆனால் நிலவு ஆண்டுதோறும் சுமார் 3.8 சென்ரிமீற்றர் விலகிச் செல்கிறது. ஏறக்குறைய 60 கோடி ஆண்டுகளின்பின் முழுக் கிரகணமே நிகழாது. நிலவோடு விலகிப் போகும் சான்றின்மேல் ஏன் வீட்டைக் கட்ட வேண்டும்? இயேசு சிலுவையில் தொங்கியபோது வந்த இருளையும் கிரகணம் என்று சொல்லாதீர்கள். பாஸ்கா விழா முழுநிலவில் வருவது. சூரிய கிரகணமோ அமாவாசையில் மட்டுமே நிகழும்.

இரண்டாவது, செய்தியைப் பகிருமுன் நிதானியுங்கள். 124 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கே2-18பி என்ற கோளில், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு சேர்மத்தின் அறிகுறி தென்படுவதாக 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் குழுவினர் அறிவித்தனர். கண்டுபிடிப்பு என்று சொல்வதற்குத் தேவையான உறுதி தங்களிடம் இல்லை என்பதையும் அவர்களே கூறினர். அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்த பிறர் ஐயம் தெரிவித்தனர். நம் குழுக்களில் வந்ததோ "உயிர் கண்டுபிடிக்கப்பட்டது" என்ற ஒரு வரி மட்டுமே. அறிந்ததை அறிந்த அளவுக்கே சொல்வது ஆய்வாளரின் நேர்மை. பொய்ச்சான்று சொல்லாதிருக்கும் கட்டளை கைப்பேசிக்கும் உரியது.

மூன்றாவது, "இந்தப் பூமி கெட்டால் இன்னொன்றுக்குப் போகலாம்" என்று பிள்ளைகள் பேசினால், கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். விநாடிக்கு ஏறக்குறைய 17 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வொயேஜர்-1 விண்கலம் திராப்பிஸ்ட்-1 இருக்கும் தொலைவைக் கடக்கச் சுமார் 7 இலட்சம் ஆண்டுகள் ஆகும். வாழத்தக்க இடம் என்ற சொல்லின் எடை புலம்பெயர்ந்த நமக்குத் தெரியும். காற்றும் நீரும் உள்ள இடத்தில்கூட, நம்மை வரவேற்கும் மனிதரும் நம் மொழியும் இல்லாமல் முதல் சில ஆண்டுகளை எவ்வாறு கழித்தோம் என்பதை உங்களில் பலர் என்னிடம் கண்ணீரோடு சொல்லியிருக்கிறீர்கள். 6,000 கோள்களைக் கண்டபின்னும், நாம் குடைபிடித்தும் குளிரில் நடுங்கியும் நடக்கும் இந்தத் தெருவைப் போல ஒன்று இன்னும் தென்படவில்லை. உள்ளதைக் காப்பது நம் கடமை.

இறுதி வேண்டுகோள், ஓகஸ்ட் 12ஆம் நாளுக்கானது. அன்று மாலை வழமையான திருப்பலியை முன்னதாகவே நிறைவேற்றிவிட்டு, ஆலய வாகன நிறுத்துமிடத்தில் நான் நிற்பேன். ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற தரக்குறி பெற்ற கிரகணக் கண்ணாடிகளை வாங்கி வைத்திருக்கிறோம். நம் பகுதியில் இது பகுதிக் கிரகணமே. ஆகவே ஒரு விநாடிகூட அக்கண்ணாடி இல்லாமல் சூரியனைப் பார்க்கக் கூடாது. குளிர்க் கண்ணாடியோ எக்ஸ்ரே படமோ பாதுகாப்புத் தராது. கண்ணாடி அணிய விரும்பாத மூத்தோர் வீட்டிலிருந்து ஓர் அரிதட்டைக் கொண்டுவாருங்கள். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, அதன் துளைகள் வழியே விழும் ஒளியை வெள்ளைத் தாளில் பிடித்தால், ஒவ்வொரு துளையும் ஒரு பிறையாகத் தெரியும். 1980இல் என் பாட்டியின் சுவரில் நான் கண்டது அதுவே. கருவுற்றிருக்கும் தாய்மாரும் தாராளமாக வரலாம். அவர்களுக்குக் கதிரைகள் போட்டிருக்கும், உணவும் இருக்கும்.

பிள்ளைகளைக் கேள்விகளோடு அனுப்புங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன்; தெரியாததைத் தெரியாது என்பேன். அவசரத்தில் எவரையும் அமர்த்திவிட மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். அந்த இளைஞனுக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறேன். தன் மகனுடன் வருவதாகவும், திருப்பலிக்கு அன்று, கிரகணத்துக்கு மட்டும் என்றும் பதில் எழுதியிருக்கிறான். அவன் வரட்டும், மகனின் கேள்விகளையும் நான் கேட்க வேண்டியிருக்கிறது.

இறைவனின் அமைதி உங்கள் இல்லங்களில் நிலைத்திருப்பதாக.

செபங்களுடன்,
உங்கள் பங்குத்தந்தை